மீதி ஐந்து பேர்

ராமாத்தாளுக்கு முதலில் போனது சிவப்பு நிறம்.

வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் கண்ணாடி பார்த்தால், நெற்றிக் குங்குமம் சாம்பலைத் தொட்டு வைத்ததுபோல் இருந்தது. குங்குமம்தான் பழசாகிவிட்டது என்று நினைத்து, புருஷனிடம் வேறு வாங்கிவரச் சொன்னாள். அப்புசாமி மஸ்ஜித் தானா டவுனுக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வாங்கிவந்தான். அதுவும் சாம்பலாகவே இருந்தது. கண்ணை இப்படி அப்படி அசைத்தால் உள்ளே யாரோ பிடித்து இழுப்பதுபோல வலித்தது. ஆனால் கண் வலிக்கிறது என்று வேலைக்குப் போகாமல் இருக்கும் வழக்கம் ஜெரிங் ரப்பர் தோட்டத்தில் கிடையாது. அவள் போனாள். மரத்தில் பால் வெட்டும்போது, பட்டையோடு நிற்க வேண்டிய கத்தி கட்டைவரைக்கும் இறங்கியது. கங்காணி பார்த்துவிட்டு, மரத்துக்குக் காயம்பட்டிருக்கிறது என்று ஆபீசில் சொன்னார். அன்று மாலைக்குள் ஆள் வந்து மரத்துக்கு மருந்து பூசிவிட்டுப் போனான்.

ராமாத்தாளுக்கு மருந்து கிடைத்த கதை அவ்வளவு சுருக்கமானது அல்ல.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளும் காட்டுக்கு வெளியே சர்க்காரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு அவசரகாலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர்தான் அப்படி. அதில் எதுவும் அவசரமாக நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. தோட்டத்து ஜனங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். வெளியே போகவும் சோதனை, உள்ளே வரவும் சோதனை. காட்டில் இருப்பவனுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக, டின்னில் அடைத்த சாமானைக் கடைக்காரன் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். அப்போதுதான் அது சீக்கிரம் கெட்டுப்போகும். கெட்டுப்போன சார்டின் மீனைத் தோட்டத்து ஜனங்கள் தின்னலாம். காட்டுக்காரன் தின்னக் கூடாது.

தோட்டத்து மருந்தறையில் இருந்த டிரஸ்ஸர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் சேகரன் என்ற இளைஞர் ராமாத்தாளின் கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். சிவப்பு மூடி போட்ட ஒரு சீசாவை எடுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டி நிறம் கேட்டார். இடது கண்ணுக்கு அது சாம்பல். வலது கண்ணுக்குச் செங்கல்.

"வலது கண்ணிலேயும் ஆரம்பிச்சிருச்சு" என்றார் டாக்டர். "கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. கண்ணு பார்க்கிறதை உள்ளே கொண்டுபோற நரம்பு வீங்கியிருக்கு. சில பேருக்குத் தானா சரியாயிடும். உங்களுக்கு ரெண்டும் போகுது, காத்திருக்க முடியாது. கார்ட்டிசோன்னு புது மாத்திரை வந்திருக்கு. நிறைய சாப்பிடணும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. கொஞ்சமா சாப்பிட்டா பிரயோசனம் இல்லை."

"இங்கேயே படுக்க வச்சுக் கொடுக்கலாங்களா?" என்று அப்புசாமி கேட்டான்.

"வார்டு முழுக்கக் காயம்பட்ட சோல்ஜருங்க. நடக்கக்கூட இடமில்லை. மாத்திரைதானே, வீட்டிலேயே சாப்பிடலாம். ஆனா இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு இருவரும் டவுனில் இருந்த மருந்துக்கடைக்கு நடந்தார்கள். கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் தங்கராஜு. நல்ல மனுஷர்தான்; ஆனால் அந்த நாளில் நல்ல மனுஷர்களுக்குத்தான் பயம் அதிகம். சீட்டைப் படித்தவர், கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, புதுச் சட்டப்படி ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரைதான் கொடுக்கலாம்."

"டாக்டர் பன்னிரண்டுன்னாருங்களே."

"எந்த மாத்திரை, என்ன சீக்குன்னு சட்டம் கேட்கலைலா. ஓர் ஆளுக்கு ரெண்டு. பன்னிரண்டு வேணும்னா ஆறு ஆளு. ஒரு ஆளு உன் சம்சாரம். மீதி அஞ்சு பேர் யாருன்னு என்னைக் கேப்பாங்க. நான் என்ன சொல்றது? நீ கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் போயி ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. மருந்தை எடுத்துத் தனியா வச்சிருக்கேன்."

உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் பழைய அரிசிக் கிடங்கு ஒன்றில் இருந்தது. அதிகாரியின் பெயர் நல்லதம்பி. நாற்காலிக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம். காடெல்லாம் பச்சை, ஊரெல்லாம் மஞ்சள். மேசைமேல் ஒரு சுத்தியலும், வரிசையாக அடுக்கிய ஆணிகளும் இருந்தன. அதிகாரி மனுவைப் படிக்கவில்லை. படித்தால் மனம் இளகிவிடும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். பியூன் படிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஜனங்க எங்களைத் தப்பா நினைக்கிறாங்க" என்று அவர் ஆரம்பித்தார். "நாங்க மருந்தைத் தடுக்கிறதே இல்லை. மருந்து போற வழியை மட்டும்தான் தடுக்கிறோம். நோயாளி மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. நோயாளி இல்லைன்னா இந்த ஆபீசே இல்லை. உன் சம்சாரத்துக்குச் சேர வேண்டிய ரெண்டு மாத்திரை இன்னிக்கே கிடைக்கும். மீதி பத்து மாத்திரைக்குரிய அஞ்சு பேர் யாரு?"

"அப்படி யாருமே இல்லைங்கய்யா."

"இல்லைன்னு நீ சொன்னாப் போதுமா? இல்லைன்னு நிரூபிக்கணும். யாரு இல்லைன்னு சொல்லு. பேர் இல்லாம நான் எப்படி ஓர் ஆளை இல்லைன்னு எழுத முடியும்?"

ராமாத்தாள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஏங்கய்யா, அந்த அஞ்சு பேருக்கும் கண்ணு தெரியுதுங்களா?"

"அதெல்லாம் விசாரணையில தெரிஞ்சிடும்" என்றார் அதிகாரி.

அப்புசாமி தலையைக் குனிந்துகொண்டு யோசித்தான். உயிரோடு இருப்பவன் பெயரைச் சொன்னால் அவனுக்கு வம்பு. இல்லாத பெயரைச் சொன்னால் பொய். உலகத்தில் இல்லவே இல்லை, இனி எந்த மருந்தும் வேண்டாம் என்று அவன் உறுதியாக அறிந்தவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்கள். அவன் மெதுவாகச் சொன்னான்: அப்பன் இருளாண்டி. அண்ணன் முனுசாமி. தாய்மாமன் மருதமுத்து. அடுத்த லயத்துத் தம்புசாமி. தம்பி முனியாண்டி. தம்பி பெயரை வாய்விட்டுச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

பியூன் எழுதிக்கொண்டான். நல்லதம்பி முதல்முறையாகக் கண்ணைத் திறந்தார்.

"செத்ததுக்கு அத்தாட்சி?"

"சயாம் காட்டுல யாருங்கய்யா அத்தாட்சி கொடுப்பாங்க? வாந்திபேதியில போனாங்க. குழியில போட்டு மூடிட்டாங்கன்னு திரும்பி வந்தவங்க சொன்னாங்க."

"அப்படின்னா சாகலை. காணாமப் போயிருக்காங்க." அதிகாரி எழுந்து நின்று வரைபடத்தின் பச்சையில் விரலை வைத்தார். "அஞ்சு ஆம்பளை. காட்டுக்குள்ள போயிருக்காங்க. திரும்பி வரலை. அவங்க பேரைச் சொல்லிச் சொந்தக்காரன் ஒருத்தன் மருந்து கேக்குறான். நான் இதை எழுதவே வேண்டாம் போல, தானா எழுதிக்குது."

அன்றைக்கு அவனைக் கைது செய்யாமல் விட்டதே பெரிய கருணை என்று பியூன் வாசலில் சொன்னான்.

இரண்டு மாத்திரைக்கு மட்டும் உத்தரவு கிடைத்தது. தங்கராஜு அவற்றைச் சின்னக் கண்ணாடிச் சீசாவில் போட்டு மூடிக் கொடுத்தார். அதைப் பதிவு செய்ய மறுபடி அலுவலகத்துக்கு எடுத்துப் போனபோது, அடைத்த பொருள் எதுவும் ஓட்டையில்லாமல் வெளியே போகக் கூடாது என்ற விதி குறுக்கே வந்தது. பியூன் சீசாவின்மேல் ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினான். விதிப்படிதான் தட்டினான். கண்ணாடிக்கு விதி தெரியவில்லை. உடைந்த சில்லும் மாத்திரைப் பொடியும் கலந்து கிடந்ததை ஒரு உறையில் போட்டு ஒட்டி, சர்க்கார் சொத்துக்குச் சேதம் என்று தலைப்பிட்டு வைத்துக்கொண்டார்கள்.

இதனால் அதிகாரிக்கு நல்ல யோசனை ஒன்று பிறந்தது. மாத்திரை அலுவலகத்தைவிட்டு வெளியே போனால்தானே தொல்லை? நோயாளி தினமும் நேரில் வந்து அதிகாரி முன்னிலையில் விழுங்கிவிட்டால் மருந்து எங்கேயும் போக முடியாது. அவர் இதை மேலிடத்துக்கு எழுதிப் பாராட்டும் வாங்கினார்.

அன்றிலிருந்து ராமாத்தாளும் அப்புசாமியும் தினமும் பஸ் ஏறினார்கள். கேட்டில் டோலா என்ற மலாய்க் காவலன் நின்றிருப்பான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் நன்றாகப் பேசுவான். "ஊபாட் உண்டா அக்கா? மருந்து ஒண்ணும் கொண்டு போகலியே?" என்று சங்கடத்தோடு கேட்டுக்கொண்டே முந்தானையைத் தடவிப் பார்க்க ஒரு பெண் காவலரைக் கூப்பிடுவான். மருந்தைத் தேடித்தான் போகிறோம் என்று ராமாத்தாள் தினமும் சொல்வாள். அவனும் தினமும் தலையாட்டுவான்.

அலுவலகத்தில் தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அதற்குள் அவள் நிற்க வேண்டும். பியூன் மாத்திரையை உயர்த்திக் காட்டுவான். அதிகாரி தலையசைப்பார். அவள் விழுங்குவாள். பியூன் வாய்க்குள் டார்ச் அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, "இல்லை" என்று உரக்கச் சொல்வான். மற்றொரு குமாஸ்தா, "இல்லை" என்று திரும்பச் சொல்லி எழுதுவான். பிறகு இரண்டாவது மாத்திரை. எல்லாம் முடிந்தபின் அவள் ஒரு மணிநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே போய் வாந்தி எடுத்து அதைக் காட்டுக்கு அனுப்பிவிடக் கூடாதல்லவா?

கொஞ்ச நாளில் வட்டத்தின் கோடு அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அப்புசாமி தோளைப் பிடித்து நிறுத்துவான். கால் கோட்டை மிதித்தால் மறுபடி முதலிலிருந்து.

விஷயம் டாக்டர் சேகரனுக்கு எட்டியது. அவர் வெள்ளைக் கோட்டோடு அப்படியே கிளம்பி அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"ரெண்டு மாத்திரை இந்த நோய்க்கு மருந்தே இல்லை சார். தீப்பிடிச்ச வீட்டுக்கு ஒரு கிளாஸ் தண்ணி ஊத்துற மாதிரி. இன்னும் கொஞ்ச நாள்ல இவங்களுக்கு ரெண்டு கண்ணும் போயிடும்."

நல்லதம்பி மிகவும் பணிவாகப் பேசினார். "டாக்டர், நீங்க நோயைப் படிச்சவர். நான் எண்ணிக்கையைப் படிச்சவன். இவங்க மருந்து சாப்பிட ஆரம்பிச்சதிலேர்ந்து இந்த ஆபீஸ்ல ஒரு மாத்திரைகூடக் கணக்குல விட்டுப்போகலை. வைத்தியம் இவ்வளவு ஒழுங்கா நடந்து நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

"கண்ணு?"

"கண்ணு என் இலாகா இல்லை."

ஆறு பேருக்குரிய மருந்தை ஒருவருக்கு எழுதிக் கொடுத்த டாக்டரைப் பற்றி நல்லதம்பி அன்று மாலையே மேலிடத்துக்கு எழுதினார். டாக்டரைத் தூரத்து மாநிலத்துக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் அவர் பஸ் ஸ்டாண்டில் அப்புசாமியைத் தேடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஆகாயவிமானம் வந்தது.

காட்டில் இருப்பவர்களைப் பெயர் சொல்லிச் சரணடையக் கூப்பிடுவதற்காக, ஒலிபெருக்கி கட்டிய விமானங்களைச் சர்க்கார் பறக்கவிட்டிருந்தது. ஒருநாள் காலை, ரப்பர் பால் எடுக்கும் நேரம். அப்புசாமி வாளியோடு மரத்தடியில் நின்றிருந்தான். தலைக்குமேல் மெதுவாக வட்டமடித்த விமானத்திலிருந்து ஒரு குரல் தோட்டம் முழுக்க இறங்கியது.

"இருளாண்டி. முனுசாமி. மருதமுத்து. தம்புசாமி. முனியாண்டி. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். வெளியே வந்துவிடுங்கள். உங்களை நல்லபடியாக நடத்துவோம். நல்ல சாப்பாடு தருவோம். வேண்டிய மருந்தெல்லாம் தருவோம்."

அப்புசாமியின் கையிலிருந்த வாளி சாய்ந்து பால் முழுவதும் மண்ணில் ஓடியது. அப்பன் பெயரை இவ்வளவு மரியாதையோடு யாரும் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. தோட்டத்தில் இருந்தவரைக்கும் அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் வேலையைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினான். ராமாத்தாள் வாசலுக்கு வந்து முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"உங்கப்பாவைக் கூப்பிடுறாங்க" என்றாள். "தம்பி முனியாண்டியையும் கூப்பிட்டாங்க."

"ஆமா."

"சயாம் வரைக்கும் கேக்குமாங்க?"

அவன் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். விமானம் திரும்பத் திரும்ப வந்து ஐந்து பேரையும் கூப்பிட்டது. பக்கத்து வீடுகளில் பெண்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்கள். தம்புசாமியின் பெண்சாதி பெரியநாயகி, இத்தனை வருஷமாகப் பொட்டில்லாமல் இருந்தவள், சர்க்காரே தெரியும் என்கிறதே என்று வேலிப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்பிக்கொண்டு வருவது பெரும்பாடாயிற்று.

கூப்பிட்டும் யாரும் வராததால் பட்டாளம் வந்தது. தோட்டத்தில் பல நாளுக்கு முழு ஊரடங்கு போட்டு, கேட்டை மூடிவிட்டு, காட்டோரம் முழுக்கத் தேடினார்கள். லயத்து அடுப்புகளைக்கூடக் கிளறிப் பார்த்தார்கள். ஒரு பானையைக்கூட அவர்கள் சந்தேகப்படாமல் விடவில்லை. அத்தனை நாளும் ராமாத்தாள் பஸ் ஏற முடியவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் இருவரும் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். வட்டத்தை அழித்துவிட்டிருந்தார்கள்.

"நோயாளி தொடர்ந்து வரலை" என்றார் நல்லதம்பி. "அதனால மருந்து தேவைப்படலைன்னு முடிவு பண்ணியாச்சு. சந்தோஷம்தானே? நோய் தீர்ந்திருச்சுன்னு எழுதியிருக்கேன்."

"கேட்டை நீங்கதானுங்களே பூட்டி வச்சீங்க" என்றான் அப்புசாமி.

"கேட்டுக்கு வேற இலாகா."

அந்த வாரத்தோடு ராமாத்தாளுக்கு வெளிச்சமும் போயிற்று. ஜன்னல் எந்தப் பக்கம் என்பதை வெயிலின் சூட்டை வைத்துக் கண்டுபிடித்தாள். வேலைப் பட்டியலில் இருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒருநாள் அப்புசாமி வேலை முடிந்து வந்தபோது, அவள் விறகுக்கு வைத்திருந்த ரப்பர் கட்டையை மடியில் போட்டுக்கொண்டு, விரலால் பட்டையைத் தடவித் தடவிப் பால்வெட்டுக் கத்தியை இழுத்துக்கொண்டிருந்தாள். இடது கைவிரல்களில் ரத்தம் வடிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"தடவியே பழகிக்கலாம்னு பார்த்தேன்" என்றாள். "நாலு மரம் வெட்ட வராதுங்களா?"

அவன் கத்தியை வாங்கிக்கொண்டு விரல்களைத் துணியால் கட்டினான். "முதல்ல சாப்பிடு" என்றான். அன்று அவன் வைத்த ரசத்தில் உப்பே இல்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டார்கள்.

வெகு மாதங்கள் கழித்துச் சர்க்காரிடமிருந்து இரண்டு நல்ல செய்திகள் ஒன்றாக வந்தன. எவ்வளவு கூப்பிட்டும் வராத காரணத்தால் மேற்படி ஐந்து பேரும் இல்லாதவர்களே என்று தீர்மானித்தாகிவிட்டது. ஆகவே பன்னிரண்டு மாத்திரைக்கும் அனுமதி உண்டு. அதோடு, அந்த வட்டாரத்தை வெள்ளைப் பகுதி என்று அறிவிக்கப் போகிறார்கள்; கட்டுப்பாடு இனி கிடையாது. இரண்டையும் சேர்த்து, கடலோர மைதானமான பாடாங்கில் ஒரு விழா. விழாவில் ராமாத்தாள் கையில் முழு மருந்தையும் கொடுப்பதாக ஏற்பாடு. டிரஸ்ஸர், இனி அது பயன்படாது, நரம்பு காய்ந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். விழாவுக்கு நரம்பு தேவையில்லை என்று பதில் வந்தது.

பாடாங்கில் பந்தல் போட்டு, பேண்டு வாசித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். ராமாத்தாள் தன் கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். அப்புசாமிதான் கொசுவம் சரிபார்த்து விட்டான். பதவி உயர்வு பெற்றிருந்த நல்லதம்பி ஒலிபெருக்கி முன் வந்து நின்றார்.

"இந்த அவசரகாலத்தில் எங்கள் அலுவலகம் செய்த சேவையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எங்கள் கையைத் தாண்டி ஒரு மாத்திரைகூடக் காட்டுக்குப் போகவில்லை."

கைதட்டல் அடங்குவதற்குள் ராமாத்தாள், பக்கத்தில் இருப்பவனிடம் பேசுகிற சாதாரணக் குரலில், "வீட்டுக்கும் வரலைங்கய்யா" என்றாள். ஒலிபெருக்கி அருகிலேயே இருந்ததால் அது பாடாங் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. பேண்டுக்காரர்கள் அதுதான் தங்களுக்குச் சைகை என்று நினைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு பெரிய சீசா நிறைய மாத்திரை வந்தது. நல்லதம்பி அதை அவள் கைகளில் வைத்து, தானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். போட்டோக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "அம்மா, இங்கே பாருங்க, இங்கே" என்று கையாட்டினான். ராமாத்தாள் தலையை நிமிர்த்தி, முகத்தைச் சரிசெய்துகொண்டு, புன்னகைத்தாள். விளக்கு பளிச்சென்று அடித்தது. அவள் கண் இமைக்கவில்லை.

போட்டோ முடிந்ததும் பியூன் வந்து சீசாவை மெல்ல வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் வேறோர் ஊரில் இதே விழா இருக்கிறதாம். சீசா அங்கே தேவைப்படுமாம். அப்புசாமி தடுக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் இருவரும் பஸ்ஸுக்காக ஒரு மரத்தடியில் நின்றார்கள்.

"பேப்பர்ல போடுவாங்களா?" என்று ராமாத்தாள் கேட்டாள்.

"போடுவாங்க போலதான் தெரியுது."

அவள் அவன் சட்டையைத் தேடிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் சரியான பக்கந்தானே பார்த்தேன்?"

விளக்கு அடித்தபோது அவள் போட்டோக்காரனுக்கு முதுகைக் காட்டாத குறையாக, ஆளில்லாத கடற்பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா தாயி" என்றான் அப்புசாமி. "நேரா பார்த்தே."